விசிலை வாயில் வைத்துக்கொள்ளுங்கள்: விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்ய விரும்புவோருக்கு

விமானி விமானத்தைத் தன் விருப்பப்படி ஓட்டுவது வானத்தில்தான். கப்பலின் மேல்தளத்தில் அந்த விமானம் ஓர் அடி நகர வேண்டுமென்றாலும் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையசைக்க வேண்டும். அவர் பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளை. கல்லூரிப் பட்டம் இருக்காது. அந்தப் பிள்ளையின் கையை நம்பித்தான் பல கோடி டாலர் விலையுள்ள போர் விமானம் தளத்தின் விளிம்புவரை வந்து திரும்புகிறது.

அமெரிக்கக் கடற்படையில் இந்த வேலைக்கு ஏவியேஷன் போசன்ஸ் மேட் – ஹேண்ட்லர் என்று பெயர்; சுருக்கமாக ஏ.பி.எச். நான் நாகர்கோவிலில் பிறந்தவள். குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்து, கையில் கிரீன் கார்டு மட்டும் இருந்தபோதே கடற்படையில் சேர்ந்தேன். நீலச் சட்டை, மஞ்சள் சட்டை, பிறகு விபத்து மீட்புக் குழுவின் சிவப்புச் சட்டை என்று போய், சீஃப் எனப்படும் மூத்த சிப்பாய்ப் பதவியில் ஓய்வு பெற்றேன். இப்போது வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் பக்கம் குடியிருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கையெழுத்துப் போடும் முன்

முதலில் கண். இந்த வேலைக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வை கட்டாயம். மேல்தளத்தில் யார் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சட்டையின் நிறம்தான் சொல்கிறது. இரவில் விளக்கின் நிறம் சொல்கிறது. பச்சையும் சிவப்பும் குழம்பும் கண்ணோடு அங்கே நிற்க முடியாது. ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போகும் முன்பே பக்கத்துக் கண் மருத்துவரிடம் புள்ளிப் படங்களைக் காட்டிச் செய்யும் நிறச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். செவித்திறனும் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது தகுதித் தேர்வு. அஸ்வாப் எனப்படும் அந்தத் தேர்வில் ஆங்கிலம், கணக்கு, இயந்திர அறிவு ஆகியவற்றில் கேள்விகள் வரும். நம் பிள்ளைகள் கணக்கில் தேறிவிடுவார்கள். கார், கருவிகள் பற்றிய பகுதியில்தான் திணறுவார்கள். பானட்டையே திறந்து பார்த்திராத பிள்ளைக்கு ஸ்பேனரின் படத்தைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால் என்ன தெரியும்? ஒரு மாதம் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினால் சரியாகிவிடும்.

குடியுரிமை பற்றிப் பலர் கேட்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அமெரிக்கக் கடற்படையில் சிப்பாயாகச் சேரலாம். அதிகாரியாகச் சேரத்தான் குடியுரிமை வேண்டும். இரகசியத் தகவல்களைக் கையாளும் பிரிவுகளுக்கும் குடியுரிமை கேட்பார்கள். என் காலத்தில் ஏ.பி.எச். பிரிவுக்கு அப்படிக் கேட்கவில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய நிலையை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு படைச் சேவையின் அடிப்படையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் பெற்றேன்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. ஒப்பந்தத்தில் எந்த வேலை அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் வேலை. “இப்போதைக்கு இதில் போடுகிறேன், உள்ளே போனதும் மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிவு எதுவும் குறிக்காமல் ‘ஏர்மேன்’ என்று மட்டும் போட்டு அனுப்பும் வழியும் உண்டு. அதில் போனாலும் பலர் மேல்தளத்துக்கு வந்து, வேலை பார்த்துக்கொண்டே ஏ.பி.எச். ஆகிறார்கள். அது மோசமான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே தெரிந்து தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். உங்கள் தலையில் கட்டப்பட்டதாக இருக்கக் கூடாது. மொத்த இராணுவக் கடப்பாடு 8 ஆண்டுகள்; அதில் எத்தனை ஆண்டு முழுநேரப் பணி, எத்தனை ஆண்டு இருப்புப் படை என்பதையும் அதே தாளில் விரல் வைத்துப் படியுங்கள்.

நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படைப் பயிற்சியில் உயரத்திலிருந்து குளத்தில் குதித்து, 50 கெஜம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு அங்கே சொல்லித் தருவார்கள்தான். ஆனால் மற்றவர்கள் தூங்கும் நேரமெல்லாம் உங்களுக்குக் குளத்தில் போகும்.

பயிற்சி

அடிப்படைப் பயிற்சி இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கிரேட் லேக்ஸில். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தால் முடிந்துவிடும். அடுத்து ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் தொழிற்பயிற்சி. கை சைகைகள், சக்கரக் கட்டை, சங்கிலி, டிராக்டர், தீயணைப்பு எல்லாவற்றையும் அங்கே முதன்முதலாகத் தொடுவீர்கள். சைகைகளை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் பழகிக்கொண்டு கப்பலுக்குப் போங்கள். மற்றதையெல்லாம் கப்பல் கற்றுக்கொடுக்கும்.

கப்பலுக்குப் போனவுடனே மேல்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். புதிதாக வரும் பலரைச் சில மாதங்கள் சமையற்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அனுப்புவார்கள். தட்டுக் கழுவவும் மேசை துடைக்கவும் வேண்டும். மனம் தளராதீர்கள். ஏறத்தாழ 5,000 பேர் வாழும் கப்பலில் யார் யார், எது எங்கே என்பதை அந்த மாதங்களில்தான் தெரிந்துகொள்வீர்கள். ஒவ்வொரு கதவின் மேலும் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கப் பழகுங்கள். முதல் எண் எந்த அடுக்கு என்று சொல்லும். இரண்டாவது எண் முன்னிருந்து பின்னாக எவ்வளவு தூரம் என்று சொல்லும். மூன்றாவது எண் ஒற்றைப்படையானால் கப்பலின் வலப்பக்கம், இரட்டைப்படையானால் இடப்பக்கம். புகையில் கண் தெரியாமல் போகும் நாளில் இந்தக் கணக்குத்தான் உங்களை வெளியே கொண்டுவரும்.

நிறங்கள்

மஞ்சள் விமானத்தை நகர்த்தும் வழிகாட்டிகளுக்கும், விமானத்தை வானில் உந்தித் தள்ளும் கேட்டபல்ட் கருவியின் அதிகாரிகளுக்கும். நீலம் கட்டை, சங்கிலி, டிராக்டர், மின்தூக்கி. ஊதா எரிபொருள். பச்சை கேட்டபல்ட், தரையிறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு வடம், பராமரிப்பு. பழுப்பு ஒவ்வொரு விமானத்தையும் தளத்தில் கவனித்துக்கொள்ளும் பிளேன் கேப்டன் (இவர் விமானி அல்ல). சிவப்பு வெடிகுண்டு வேலையும் விபத்து மீட்பும். வெள்ளை பாதுகாப்பு, மருத்துவம், தரையிறங்கும் விமானிக்கு வழிசொல்லும் அதிகாரிகள். ஏ.பி.எச். ஆன உங்கள் பாதை நீலத்தில் தொடங்கி மஞ்சளுக்குப் போகும்; சிலருக்கு நடுவிலோ பிறகோ சிவப்பு.

நீலச் சட்டை

மஞ்சள் சட்டைக்கு அவசரப்படாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நல்ல வழிகாட்டி எவரைப் பார்த்தாலும் அவர் நல்ல நீலச் சட்டையாக இருந்தவராகத்தான் இருப்பார்.

காலையில் விமானங்கள் பறக்கத் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்து பார்த்தபடி நடப்போம். ஆணி, கம்பித் துண்டு, பெயர்ந்த தளப்பூச்சுத் துணுக்கு என்று எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். ஒரு சின்ன திருகாணி ஜெட் இயந்திரத்துக்குள் போனால் இயந்திரமே நாசம். நிமிட்ஸ் வகைக் கப்பலின் மேல்தளம் நாலரை ஏக்கர். நீளம் 333 மீட்டர். சிலர் இந்த நடையைக் கதை பேசும் நேரமாக ஆக்கிக்கொள்வார்கள். நீங்கள் பேசாதீர்கள். தளத்தில் எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது, எங்கே பூச்சு தேய்ந்து வழுக்குகிறது, சங்கிலி மாட்டும் எந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அந்த நடையில்தான் கண்ணில் படும். இரவில் இருட்டில் டிராக்டர் ஓட்டும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும்.

சங்கிலி போடுவதைச் சாதாரண வேலையாக நினைக்காதீர்கள். விமானத்தின் வளையத்தில் ஒரு முனை, தளத்துக் குழியில் மறுமுனை. இடையில் முறுக்கு இருக்கக் கூடாது. பிரேக் குழாயிலோ ஹைட்ராலிக் குழாயிலோ உரசக் கூடாது. ஒரு சங்கிலியின் வேலைத் தாங்குதிறன் 10,000 பவுண்டு. ஆனால் கோணல்மாணலாக மாட்டிய சங்கிலி கப்பல் சாயும்போது அந்தச் சுமையைத் தாங்காது. மாட்டி முடித்ததும் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி பாருங்கள். கழற்றும்போது எண்ணிக் கழற்றுங்கள். ஹெலிகாப்டர் என்றால் கழற்றிய சங்கிலிகளையும் கட்டைகளையும் தூக்கி விமானிக்குக் காட்ட வேண்டும். அவர் எண்ணிப் பார்த்துத் தலையசைத்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும். ஒரு சங்கிலி மாட்டியபடியே மேலே எழும்ப முயலும் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தின் அருகே எப்படிப் போவது என்பதைக் காலுக்குப் பழக்க வேண்டும். முன்னால் காற்றை உறிஞ்சும் வாய், பின்னால் நெருப்பாய்ச் சீறும் வாய். இரண்டையும் குறுக்கே கடக்கக் கூடாது. 1991 பிப்ரவரியில் தியோடர் ரூஸ்வெல்ட் கப்பலில் ஓர் இளைஞரை ஏ-6 விமானத்தின் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் உயிர் பிழைத்தது பெரும் அதிசயம். அந்தக் காணொளியை எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் காட்டுகிறார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். ஹாக்ஐ என்ற ரேடார் விமானத்தின் சுழலும் புரொப்பல்லர் இறக்கைகள் இரவில் கண்ணுக்கே தெரியாது. சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கவும் முடியாது, ஏனென்றால் எங்கும் சத்தம்தான். ஆகையால் ஒரே வழி, ஒவ்வொரு விமான வகையைச் சுற்றியும் எந்த வழியாகப் போகலாம், எந்த வழியாக வரலாம் என்று மனத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, எவ்வளவு அவசரமானாலும் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் நடப்பதுதான்.

தலையைத் திருப்பிக்கொண்டே இருங்கள். நின்ற இடத்திலேயே நிலைகுத்திப் பார்ப்பவர்தான் அடிபடுகிறார். ஒரு ஜெட் திரும்பும்போது அதன் வெளியேற்றக் காற்று தளம் முழுக்கத் துடைத்துக்கொண்டு வரும். வருகிறது என்று தெரிந்தால் ஓடாதீர்கள். குனிந்து ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, தளத்துக் குழி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தரையிறங்கும் பகுதியைக் குறிக்கும் கோட்டை வேலை இல்லாமல் தாண்டாதீர்கள். 2016 மார்ச்சில் ஐசனோவர் கப்பலில் ஒரு ஹாக்ஐ தரையிறங்கும்போது தடுப்பு வடம் பழுதாகி, தளத்தில் இருந்த 8 பேர் காயமடைந்தார்கள். அறுந்த வடத்தின் வேகத்துக்கு முன்னால் மனிதக் கால் ஒன்றும் செய்ய முடியாது.

உடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைகளை மணிக்கட்டுவரை மூடும் சட்டை, தோல் கையுறை, இரும்பு முனை பூட்ஸ், தலைக்கவசம், கண்ணாடி, மிதவை அங்கி. பாரசீக வளைகுடாவில் தளத்தின் சூடு பூட்ஸின் அடிப்பாகத்தைத் துளைத்து வரும்போதும் கைகளை மடித்துவிடாதீர்கள். மிதவை அங்கியின் வாயுக் குப்பி, விளக்கு, விசில், கடல் நீரில் நிறம் கரைக்கும் பொட்டலம் ஆகியவற்றை மேலே போகும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அறுபது அடிக்குக் கீழே கடலில் விழுந்தவருக்கு அந்த அங்கிதான் துணை.

விசில்

விமானத்தை டிராக்டரால் இழுக்கும்போது ஒரு குழுவே சேர்ந்து நடக்கும். முன்னால் வழிகாட்டி, விமான ஓட்டியின் இருக்கையில் பிரேக் போட ஒருவர், சக்கரங்களுக்குப் பக்கத்தில் கட்டையோடு நடப்பவர்கள், இரண்டு இறக்கை முனைகளுக்கும் வாலுக்கும் காவல் நடப்பவர்கள். காவல் நடப்பவர் வாயில் விசில் இருக்கும். விசில் ஊதினால் எல்லாம் நின்றுவிட வேண்டும்: பிரேக் மிதிக்கப்படும், கட்டை சக்கரத்தடியில் விழும். யார் ஊதினார், ஏன் ஊதினார் என்ற கேள்வியெல்லாம் நின்ற பிறகுதான்.

மேல்தளத்துக்குக் கீழே விமானங்களை நிறுத்தும் கூடமான ஹேங்கரில் இரண்டு விமானங்களுக்கு இடையே ஒரு கையளவு இடைவெளிதான் இருக்கும். அங்கே இறக்கை இறக்கையோடு இடிப்பதை நாங்கள் ‘கிரன்ச்’ என்போம். அப்படி ஒரு கிரன்ச் நடந்தால், பறக்க வேண்டிய விமானம் பல வாரங்கள் முடங்கும். பெரும்பாலான கிரன்ச்களில் ஒரே கதைதான்: இறக்கைப் பக்கம் நடந்த புதுப்பிள்ளைக்கு இடிக்கப் போகிறது என்று தெரிந்திருக்கும், ஆனால் முன்னால் நிற்கும் மூத்தவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணித் தயங்கியிருப்பார்.

நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். பெரியவர்கள் செய்துகொண்டிருக்கும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். மேல்தளத்தில் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். நேற்று வந்தவரானாலும், எதிரே நிற்பவர் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும், சந்தேகம் வந்த நொடியில் ஊத வேண்டும். ஊதிய பிறகு இடைவெளி போதுமானது என்று தெரிந்தால் ஒரு நிமிடம் போயிற்று, அவ்வளவுதான். நான் குழுத் தலைவராக இருந்தபோது, தேவையில்லாமல் விசில் ஊதியவரை யாரும் கேலி செய்ய விட்டதில்லை. கேலி செய்தவரைக் கூப்பிட்டு அடுத்த வாரம் முழுக்க இறக்கைக் காவலுக்கு நிறுத்தினேன்.

2025 ஏப்ரல் 28 அன்று செங்கடலில் ஹாரி ட்ரூமன் கப்பலின் ஹேங்கரில் ஓர் எஃப்/ஏ-18 இழுத்துச் செல்லப்பட்டபோது கட்டுப்பாடு கைவிட்டுப் போய், விமானமும் டிராக்டரும் சேர்ந்தே கடலில் விழுந்தன. மாலுமிகள் உயிர் தப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது டிராக்டர் ஓட்டியும் விமானத்துக்குள் பிரேக்கில் இருந்தவரும்தான். கப்பல் திரும்பும் என்பதை எப்போதும் மனத்தில் வையுங்கள். சங்கிலி கழற்றிய விமானம் தளத்தின் சாய்வுக்கு ஓடத்தான் பார்க்கும். அடுத்த சங்கிலி மாட்டும் வரை அதை நிறுத்தி வைத்திருப்பது பிரேக்கும் கட்டையும் மட்டுமே.

நெருப்பு

ஏ.பி.எச். என்பவர் தீயணைப்பாளரும்கூட. 1967 ஜூலை 29 அன்று, டோங்கின் வளைகுடாவில் இருந்த ஃபாரஸ்டல் கப்பலின் மேல்தளத்தில் ஒரு விமானத்திலிருந்து ஸூனி ராக்கெட் ஒன்று தானாகவே கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியில் பாய்ந்தது. எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. நெருப்புக்கு நடுவே குண்டுகள் கிடந்தன. விபத்துக் குழுவின் தலைவராக இருந்த சீஃப் ஜெரால்ட் ஃபாரியர், பாதுகாப்பு உடை போட நேரமில்லாமல், கையில் ஒரு தீயணைப்புப் பொடிக் குப்பியோடு குண்டை நோக்கி ஓடினார். மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிக் கையசைத்தார். தீப்பிடித்து ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. அவரும், பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவில் பெரும்பாலோரும் அந்த வெடிப்பில் மாண்டார்கள். மொத்தம் 134 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு நெருப்போடு போராடியவர்கள் பயிற்சி இல்லாதவர்கள். ஒரு குழாய் நுரையைப் பீய்ச்ச, இன்னொரு குழாய் தண்ணீரை அடித்து அந்த நுரையைக் கழுவித் தள்ளியது. இன்று கப்பலில் சமையல்காரர் முதல் எழுத்தர்வரை எல்லோரும் தீயணைப்புப் பயிற்சி பெற வேண்டியிருப்பது அந்த நாளில் கற்ற பாடம். நார்ஃபோக்கில் உள்ள தீயணைப்புப் பள்ளிக்கு ஃபாரியரின் பெயர்தான். அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் எங்கள் பிரிவுக்காரர்.

இன்னொன்று 1969 ஜனவரி 14. ஹவாய் அருகே என்டர்பிரைஸ் கப்பலில், விமான இயந்திரத்தைக் கிளப்பும் வண்டியின் வெப்பக் காற்று ஒரு ராக்கெட்டைச் சூடேற்றி வெடிக்கவைத்தது. 28 பேர் இறந்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறோம், அதன் புகைவாய் எதைப் பார்த்திருக்கிறது என்பது நீலச் சட்டைக்காரரின் அன்றாடக் கவலையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

மஞ்சள் சட்டை

நீலச் சட்டையில் இருக்கும்போதே தகுதிப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டே வர வேண்டும். கையெழுத்துப் போடுபவர் கேள்வி கேட்டுப் போட்டால் மகிழ்ச்சியாக இருங்கள். கேட்காமல் போட்டால் நீங்களே “என்னைக் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். டிராக்டர், மின்தூக்கி எல்லாம் தேறி, ஒரு மஞ்சள் சட்டையின் கீழ் பல மாதங்கள் பழகிய பிறகே விமானம் உங்கள் கைக்கு வரும்.

சைகைகளில் ஓர் அடிப்படை உண்டு: இடுப்புக்கு மேலே காட்டுவது விமானிக்கு, இடுப்புக்குக் கீழே காட்டுவது தளத்தில் இருப்பவர்களுக்கு. இது கலந்துபோனால் கட்டையை எடுக்கச் சொன்னது விமானிக்குப் போய்விடும். அசைவுகள் பெரிதாக, தெளிவாக இருக்கட்டும். அலங்காரம் வேண்டாம். விமானியின் கண்ணை நீங்கள் பார்க்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அவரும் உங்களைப் பார்க்கவில்லை என்று பொருள். தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் போட்டு நிறுத்துங்கள். அடுத்த வழிகாட்டியிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது அவரைச் சுட்டிக்காட்டி, அவர் ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை இறக்குங்கள்.

விளிம்பில் திருப்பும்போது விமானத்தின் மூக்கு தளத்தைத் தாண்டிக் கடலுக்கு மேல் போகும். விமானிக்குக் கீழே தண்ணீர்தான் தெரியும். சக்கரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் உங்கள் கையில் தயக்கம் தெரிந்தால் அவர் பிரேக்கை மிதிப்பார், அது நியாயமும்கூட. மெதுவாக, ஒரே சீராகக் கொண்டுவாருங்கள்.

மேல்தளத்தை ஒட்டிய கட்டுப்பாட்டு அறைக்கு அவ்வப்போது போய்ப் பாருங்கள். அங்கே ஒரு மேசைமீது கப்பலின் வரைபடமும் அதன்மேல் விமான வடிவத் தகடுகளும் இருக்கும். ஒவ்வொரு விமானமும் எங்கே நிற்கிறது, எது பழுது, எதற்கு எரிபொருள் வேண்டும் என்பதை அந்தத் தகடுகளின்மேல் வைக்கும் சின்னச் சின்ன நட்டுகளும் ஆணிகளும் சொல்லும். கணினி வந்த பிறகும் அந்த மேசையை மதிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. ஒரு விமானத்தை நகர்த்தினால் மற்ற நான்குக்கு வழி அடைபடுமா என்று அங்கே நின்று யோசித்துப் பழகியவர் மேலே போய்த் தடுமாற மாட்டார். மூத்த பதவிகளுக்கு வேண்டியது இந்தக் கண்தான். எழுத்துத் தேர்வில் தேறி இரண்டு படி ஏறலாம், சீஃப் பதவிக்குத் தேர்வுக் குழு உங்கள் பணிக்குறிப்புகளைப் பார்க்கும்போது உங்கள் கீழே எத்தனை பேர் தேறினார்கள் என்றுதான் தேடும்.

வீட்டாருக்கு

அம்மா, அப்பா, உங்கள் பிள்ளை ஆறிலிருந்து ஒன்பது மாதம்வரை, சில நேரம் அதற்கும் மேலே, கடலில் இருப்பார். அன்றாடம் 12, 14 மணி நேர வேலை. மூன்றடுக்குப் படுக்கையில் தூக்கம், தலைக்கு மேலே கேட்டபல்ட் ஓசை. சைவம் சாப்பிடுபவர் பட்டினி கிடக்க மாட்டார். சோறும் பீன்ஸும் காய்கறியும் நாள்தோறும் உண்டு, ருசியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய்ப் பாட்டில் அனுப்புங்கள், கப்பல் முழுக்கப் பங்கு போகும்.

திடீரென்று சில நாள் மின்னஞ்சலும் தொலைபேசியும் வராமல் போகலாம். பாதுகாப்புக் காரணத்துக்காகக் கப்பலே தொடர்பை நிறுத்தி வைக்கும். ‘ரிவர் சிட்டி’ என்பார்கள். அதைக் கண்டு பதறிக் கண்ட செய்திச் சேனல்களையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். கப்பலுக்கும் குடும்பங்களுக்கும் இடையே தொடர்புக்கென்று ஒருவர் இருப்பார். புறப்படும் முன்பே அவருடைய எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மகளை அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் போனேன். 1990களின் நடுப்பகுதியிலிருந்தே பெண்கள் போர்க்கப்பல்களின் மேல்தளத்தில் வேலை செய்கிறார்கள். சங்கிலியின் எடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தொல்லை கொடுப்பவர் உண்டா என்றால், எல்லா இடத்திலும் உண்டு. முதல் முறையே எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

காதும் காகிதமும்

காதடைப்பானும் அதன்மேல் தலைக்கவசத்தின் காதுமூடியும் என இரட்டைப் பாதுகாப்பு எப்போதும் வேண்டும். இருந்தும் பலருக்குக் காதில் நிற்காத ரீங்காரம் வந்துவிடுகிறது, எனக்கும் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் செவிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காதில் ஓசை கேட்டாலோ, முட்டியோ முதுகோ வலித்தாலோ மருத்துவப் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று சொல்லும் நண்பர், பிற்காலத்தில் நீங்கள் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பக்கத்தில் இருக்க மாட்டார். பதிவேட்டில் இல்லாத வலியை நிரூபிப்பது மிகக் கடினம்.

2018க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில், சம்பளத்தில் 5 விழுக்காட்டை நீங்கள் சேமித்தால் அரசு அதற்கு ஈடாகப் போடும். முதல் நாளிலிருந்தே அந்த 5 விழுக்காட்டைப் போடுங்கள். 20 ஆண்டு முடிப்பவர் சிலரே. முடிக்காதவருக்கும் அந்தப் பணம் கையில் இருக்கும். வெளியே வந்த பிறகு, 36 மாதப் படிப்புவரை கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் ஜி.ஐ. பில் என்ற திட்டம் இருக்கிறது. என்னோடு இருந்தவர்களில் சிலர் விமான நிலையத் தீயணைப்புப் படைக்கும், சிலர் ஓடுதள நிர்வாகத்துக்கும், தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலைக்கும் போனார்கள். பணியில் இருக்கும்போதே, கப்பலில் பெற்ற ஒவ்வொரு தகுதிக்கும் வெளியில் செல்லுபடியாகும் சான்றிதழ் எது என்று விசாரித்து வாங்கி வையுங்கள். வெளியே வந்த பிறகு அதே தேர்வுக்கு உங்கள் கைப்பணம் செலவாகும்.

விடுவிப்பு நாளில் டிடி-214 என்ற பணிச் சான்றுத் தாளைத் தருவார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். கடற்பணிக் காலம், பதக்கங்கள், பயிற்சிகள் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள், பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்காகும். மருத்துவப் பதிவேட்டின் முழு நகலையும் அன்றே கேட்டு வாங்கி, ஒன்றை உங்களிடமும் ஒன்றை அம்மாவிடமும் வையுங்கள்.